கலிங்கு திறந்த பிறகு

1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கொலாய் எக் என்ற இளம் ராணுவ மருத்துவர் எட்டு நாய்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையை, பக்கத்திலேயே இதயத்தை நோக்கி ஏறிச் செல்லும் பெருஞ்சிரையோடு தைத்து இணைத்தார். கல்லீரலுக்குள் நுழையும் பழைய வழியைக் கட்டி அடைத்தார். இனி குடலின் ரத்தம் கல்லீரலைத் தொடாமலே உடலெங்கும் போகும். ஏழு நாய்கள் ஒரு வாரத்துக்குள் இறந்தன. எட்டாவது நாய் மட்டும் இரண்டரை மாதம் பிழைத்திருந்து, ஒருநாள் ஆய்வகத்தை விட்டு ஓடிப்போயிற்று.

அந்த ஒரு நாயை வைத்து எக் ஒரு முடிவுக்கு வந்தார்: கல்லீரலைச் சுற்றி ரத்தத்தைத் திருப்பிவிடலாம், அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஓடிப்போன நாய் பிறகு எப்படி நடந்துகொண்டது, என்ன தின்றது, எப்படித் தூங்கியது என்று பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. இந்த அத்தியாயத்தின் கதையே அந்தப் பார்க்காமல் விட்ட நாட்களில்தான் இருக்கிறது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1893-ல், அதே நகரில் ஹான், மாசென், நென்ஸ்கி, பாவ்லோவ் ஆகிய நால்வர் அந்த நாட்களைப் பார்த்தார்கள். மணியோசைக்கு எச்சில் ஊறும் நாய்களால் பின்னாளில் புகழ்பெற்ற அதே பாவ்லோவ்தான். எக் செய்த அறுவையைத் திருத்தமாகச் செய்து, பிழைத்த நாய்களை வாரக்கணக்கில் கவனித்தார்கள். சாதுவாக இருந்த நாய்கள் முரண்டு பிடித்தன, சீறின. நடை தள்ளாடியது. சிலவற்றுக்குக் கண் தெரியாமல் போயிற்று, வலிப்பு வந்தது, நினைவிழந்து கிடந்தன. இறைச்சி தின்ற பிறகு இவை அதிகமாக வந்தன. ஒருமுறை அவதிப்பட்ட சில நாய்கள், அதன் பிறகு இறைச்சியை வைத்தாலும் வாய் வைக்க மறுத்தன.

வயிற்றுக்குள் இரு சிரைகளைத்தான் இணைத்தார்கள். மாறிப்போனது நாயின் சுபாவம்.

காவல் நிற்கும் உறுப்பு

உடலின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தமனி வழியாக மட்டுமே ரத்தம் பெறுகின்றன. கல்லீரலுக்கு இரண்டு வழி. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி ஒன்று. வயிறு, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து ரத்தத்தைத் திரட்டி வரும் போர்ட்டல் சிரை இன்னொன்று. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது. நாம் சாப்பிட்டதில் செரித்த பெரும்பகுதியும், குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டாக்கியவையும் முதலில் கல்லீரலின் கைக்குப் போய்ச் சேர்கின்றன. அது சோதித்து, மாற்றி, தேவையானதை எடுத்துக்கொண்டு, மீதியை இதயத்துக்கு அனுப்புகிறது.

அப்படி வருபவற்றில் ஒன்று அம்மோனியா. புரதம் சிதையும்போதும், குடல் பாக்டீரியாக்கள் யூரியாவை உடைக்கும்போதும், குடலின் செல்களே குளுட்டமினை எரிபொருளாகப் பயன்படுத்தும்போதும் அது உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். யூரியா சிறுநீரில் போய்விடும். அந்த மாற்றம் ஒரு சுழற்சியாக நடக்கிறது என்பதை 1932-ல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் கண்டுபிடித்தார்கள்.

சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்க நோயில் இந்தக் காவல் இரண்டு விதமாகத் தளர்கிறது. மது, ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், கொழுப்பு படிந்த கல்லீரல் என்று காரணம் எதுவானாலும், பல ஆண்டுக் காயங்கள் தழும்பாகி இறுகுகின்றன. வேலை செய்யும் செல்கள் குறைகின்றன. அதோடு, தழும்பேறிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழையவே திணறுகிறது. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையே அழுத்த வேறுபாடு சாதாரணமாக 1 முதல் 5 மி.மீ. பாதரசம்தான். அது 10-ஐத் தாண்டும்போது, ரத்தம் வேறு வழி தேடத் தொடங்குகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் வயிற்றின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. 12-க்கு மேல் போனால் அவை வெடிக்கலாம். அப்போது வருவதுதான் கொத்துக்கொத்தான ரத்த வாந்தியும், தார் போன்ற கறுப்பு மலமும்.

ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதகு அடைபட்ட ஏரியில் நீர் ஏறிக்கொண்டே போனால், கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடையும். கரையைக் காப்பாற்றத்தான் கலிங்கு இருக்கிறது: மிகுந்த நீர் அதன் மேலாக வழிந்து வெளியேறிவிடும். அறுவை மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். போர்ட்டல் சிரைக்கு ஒரு கலிங்கு கட்டினால் போதும், அழுத்தம் இறங்கும், சிரை வெடிக்காது. நினைத்தது சரிதான். ஆனால் கலிங்கு வழியே போகும் நீர் வயலுக்குப் போவதில்லை. அது எங்கே போகிறது என்ற கேள்வி மீதம் இருந்தது.

நின்ற ரத்தம், தடுமாறிய மனம்

1945-ல் நியூயார்க்கில் ஆலன் விப்பிளும் ஆர்தர் பிளேக்மோரும், எக் நாயிடம் செய்ததை மனிதர்களுக்கான சிகிச்சையாக மாற்றினார்கள். போர்ட்டல் சிரை பெருஞ்சிரையோடு இணைக்கப்பட்டது. ‘ஷன்ட்’ என்று பெயர். சிரை வெடித்துச் சாவின் விளிம்புக்குப் போனவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றது, பலருக்குத் திரும்பவே வரவில்லை. அந்தக் காலத்தில் வேறு எந்தச் சிகிச்சையும் இவ்வளவு உறுதியாக ரத்தத்தை நிறுத்தவில்லை.

பிறகு வீடு திரும்பியவர்களிடம் ஏதோ ஒன்று சரியில்லை என்று வீட்டார் சொல்லத் தொடங்கினார்கள். இரவில் தூக்கம் இல்லை, பகலெல்லாம் உறக்கம். பேச்சு இழுத்தது. கணக்கு தவறியது. கோபமே படாதவர் எரிந்து விழுந்தார். சில நாள் தெளிவாக இருப்பார். சில நாள் தன் அறை எது என்று தெரியாமல் நிற்பார்.

தடயங்கள் வெவ்வேறு ஊர்களில் கிடைத்தன. பாஸ்டனில் ரேமண்ட் ஆடம்ஸ், ஜோசப் ஃபோலி என்ற இரு நரம்பியலாளர்கள் கல்லீரல் செயலிழந்தவர்களின் கைகளைக் கவனித்தார்கள். கையை நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தும் பாவனையில் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால், கை நிலைத்து நிற்கவில்லை. சட்டென்று தொய்ந்து விழுந்து மறுபடி நிமிர்ந்தது, பறவை சிறகடிப்பது போல. அதற்கு அவர்கள் ‘ஆஸ்டெரிக்ஸிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நடுக்கம் போலத் தெரிந்தாலும் இது நடுக்கமல்ல. தசையைப் பிடித்து வைத்திருக்கும் கட்டளையை மூளை கணநேரம் நழுவவிடுகிறது.

அதே பாஸ்டனில், வயிற்றில் நீர் கோத்த நோயாளிகளுக்கு உப்பை உறிஞ்சி வெளியேற்ற ஒரு வகைப் பிசின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிசின் சோடியத்தை எடுத்துக்கொண்டு குடலில் அம்மோனியத்தை விட்டது. சிலருக்கு மனம் குழம்பியது, கை சிறகடித்தது. மருந்தை நிறுத்தியதும் தெளிந்தார்கள். 1952-ல் வெளியான அந்த அவதானிப்பு, பாவ்லோவின் நாய்கள் இறைச்சியால் காட்டியதை மனிதரில் உறுதி செய்தது.

1954-ல் லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த ஷீலா ஷெர்லாக்கும் சகாக்களும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார்கள். மனம் தடுமாறிய நோயாளிகளில் குடலின் ரத்தம் கல்லீரலைத் தவிர்த்துப் போக ஒரு வழி இருந்தது. சிலருக்கு நோய் தானாக உண்டாக்கிய வழி. சிலருக்கு அறுவை மருத்துவர் உண்டாக்கிய வழி. குடலில் உருவாகும் நைட்ரஜன் பொருட்கள் அந்த வழியில் மூளைக்குப் போகின்றன. குடல் பாக்டீரியாக்களை மருந்தால் அடக்கினால் மனம் தெளிகிறது. இன்று இதை ‘ஹெப்பாட்டிக் என்செஃபலோபதி’ என்கிறோம். கல்லீரல் சார்ந்த மூளைத் தடுமாற்றம் என்று தமிழில் சொல்லலாம். இது பைத்தியமல்ல, வயதான மறதியுமல்ல. பெரும்பாலும் மீளக்கூடிய நிலை. ஷெர்லாக் தந்த ஆறுதல் அது.

நட்சத்திரச் செல்கள்

மூளைக்குள் வந்த அம்மோனியா என்ன செய்கிறது? மூளையில் யூரியாச் சுழற்சி முழுமையாக இல்லை. அங்கே அம்மோனியாவை அடக்கும் பொறுப்பு ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்களுடையது. நரம்புச் செல்களுக்கு ஊட்டம் கொடுப்பதும், அவை பேசி முடித்த பிறகு சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வதும் இவைதான். இவை அம்மோனியாவை குளுட்டமேட்டோடு சேர்த்து குளுட்டமினாக மாற்றுகின்றன. நச்சு அடங்குகிறது. ஆனால் செல்லுக்குள் சேரும் குளுட்டமின் தண்ணீரை இழுக்கிறது, செல் வீங்குகிறது, அதன் அன்றாட வேலைகள் குலைகின்றன. ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தால் வீக்கம் இன்னும் எளிது. உடலில் எங்காவது நோய்த்தொற்றின் அழற்சி இருந்தால், அதே அளவு அம்மோனியாவே மூளையைக் கூடுதலாகக் கலக்குகிறது.

அம்மோனியா மட்டுமே குற்றவாளி அல்ல. பித்தத்தில் வெளியேற வேண்டிய மாங்கனீஸ், ஷன்ட் உள்ளவர்களின் மூளையடிக் கருக்களில் படிகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். மிக அரிதாக, ஷன்டுக்குப் பின் தண்டுவடமே பாதிக்கப்பட்டு, கால்கள் விறைத்து நடை போய்விடுவதும் உண்டு. மனத் தடுமாற்றத்துக்குப் பலன் தரும் மருந்துகள் அதற்குப் பெரும்பாலும் பலன் தருவதில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது: மூளை கொஞ்சம் தடுமாறினாலும், ரத்தக்கசிவு நின்றால் ஆயுள் கூடுமே! 1960-களில் அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். சிரைகள் புடைத்திருந்தும் இன்னும் வெடிக்காதவர்களுக்கு முன்கூட்டியே ஷன்ட் செய்தார்கள். ரத்தக்கசிவால் இறந்தவர்கள் குறைந்தார்கள். கல்லீரல் செயலிழந்து இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த ஆயுள் நீளவில்லை. போர்ட்டல் ரத்தம்தான் கணையத்திலிருந்து இன்சுலினை நேராகக் கொண்டுவந்து கல்லீரலைப் பேணுகிறது. அதைத் திருப்பிவிட்டால், நலிந்த கல்லீரல் மேலும் வாடுகிறது. வயலுக்குப் போக வேண்டிய நீர் கலிங்கில் போனதற்கு விலை இரண்டு இடத்தில்: மூளையில் ஒன்று, கல்லீரலிலேயே இன்னொன்று.

அப்போதிருந்து கேள்வி மாறியது. திறக்கலாமா என்பது போய், எவ்வளவு திறப்பது என்பது வந்தது. 1967-ல் டீன் வாரன், மண்ணீரல் பக்கத்துச் சிரையை மட்டும் சிறுநீரகச் சிரையோடு இணைத்து, உணவுக்குழாய்ச் சிரைகளின் அழுத்தத்தை மட்டும் இறக்கி, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்கே விட்டார். நல்ல யோசனை, ஆனால் பலருக்கு, குறிப்பாக மதுவால் சிரோசிஸ் வந்தவர்களுக்கு, காலப்போக்கில் அந்தப் பிரிவினை நிலைக்கவில்லை.

கழுத்து வழியே ஒரு குழாய்

1960-களின் இறுதியில் செக் நாட்டிலிருந்து அமெரிக்கா வந்த கதிரியக்க மருத்துவர் யோசெஃப் ரோஷ், நாய்களில் கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் ஊசியைச் செலுத்திப் பித்தக் குழாயைப் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். ஊசி தவறிப் போர்ட்டல் சிரையின் கிளைக்குள் போனது. அந்தத் தவறே வழி காட்டியது: வயிற்றைக் கிழிக்காமல், கல்லீரலின் உள்ளிருந்தே இரண்டு சிரைகளுக்கும் பாலம் போடலாம். 1969-ல் அவரும் சகாக்களும் அதை வெளியிட்டார்கள். ஆனால் துளைத்த பாதை விரைவில் மூடிக்கொண்டது. அதைத் திறந்தே வைத்திருக்க விரியும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வர வேண்டியிருந்தது. 1988-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் முதல் நோயாளிக்கு ஸ்டென்டோடு செய்தார்கள். ‘டிப்ஸ்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் நடப்பது இதுதான். 2000-களில் ஸ்டென்டுக்கு உறை போட்டார்கள். அடைபடுவது வெகுவாகக் குறைந்தது.

இன்று சிரை வெடித்து வருபவருக்கு முதல் சிகிச்சை டிப்ஸ் அல்ல. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, நோய்த்தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக், எண்டோஸ்கோப்பி வழியே சிரைக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது ஆகியவைதான் முதல் வரிசை. அவற்றால் நிற்காத கசிவுக்கும், திரும்ப வரும் அபாயம் மிகுந்தவர்களுக்கும் டிப்ஸ்.

டிப்ஸ் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கோ, சில ஆய்வுகளில் இருவரில் ஒருவருக்கோ, முதல் ஆண்டில் வெளிப்படையான மூளைத் தடுமாற்றம் வருகிறது. முதல் சில மாதங்களில்தான் அதிகம். முதியவர்கள், முன்பே ஒருமுறை தடுமாறியவர்கள், சோடியம் குறைந்தவர்கள், தசை கரைந்தவர்கள், கல்லீரல் மிகவும் நலிந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

கலிங்கின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கிடையே பலகையோ மண்ணோ வைத்து, எவ்வளவு நீர் வழியலாம் என்று ஊரார் கூட்டிக் குறைப்பார்கள். ஸ்டென்டின் விட்டம் அப்படிப்பட்டது. குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது இயற்பியல். 10 மி.மீ. குழாயை 8 மி.மீ. ஆக்கினால், கணக்குப்படி ஓட்டம் ஏறத்தாழ 40 சதவீதமாகக் குறையும். உடல் அவ்வளவு நேர்த்தியான குழாய் அல்ல. ஆனாலும் திசை சரிதான். சீனாவில் 127 நோயாளிகளிடம் இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் தடுமாற்றம் 10 மி.மீ.யில் 43 சதவீதம், 8 மி.மீ.யில் 27 சதவீதம். ரத்தக்கசிவு அதனால் கூடவில்லை.

2010-ல் ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வு இன்னொரு பாடம் சொன்னது. அபாயம் மிகுந்த நோயாளிகளுக்கு, கசிவுக்கான முதல் சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்குள்ளேயே டிப்ஸ் செய்தபோது, ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 86 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 61 சதவீதம். மூளைத் தடுமாற்றம் டிப்ஸ் குழுவில் கூடவில்லை. ஷன்ட் போட்டும் ஏன் கூடவில்லை? குடலுக்குள் கொட்டும் ரத்தமே ஒரு பெரும் புரத விருந்து. அதிலும் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாததால், உடல் அந்தப் புரதத்தைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்த முடியாமல் அம்மோனியாவாக உடைக்கிறது. ஒவ்வொரு ரத்தக்கசிவும் மூளைக்கு ஓர் அடி. அதை வேளையோடு நிறுத்துவது மூளையையும் காப்பதுதான். ஆகவே ஷன்டைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும் தவறு.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

“நேத்து ராத்திரி பூரா முழிச்சிட்டே இருந்தார்மா. பகல்ல எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்குறார்.” ஓர் அம்மா மகளிடம் போனில் இப்படிச் சொன்னால், அது வெறும் புலம்பல் அல்ல, எந்த ஸ்கேனுக்கும் முன்னால் வரும் தகவல். தூக்கம் தலைகீழாவது முதல் அடையாளங்களில் ஒன்று. கையெழுத்து கோணுவது, சட்டைப் பொத்தானில் தடுமாறுவது, வண்டி ஓட்டும்போது தூரம் தப்புவது அடுத்தடுத்து வரும். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது மருத்துவர்களே பயன்படுத்தும் எளிய சோதனை. பத்துக்கும் குறைவென்றால் கவலைப்பட வேண்டும். இந்த நிலையில் அவர் வண்டி ஓட்டக் கூடாது. கூப்பிட்டும் எழாவிட்டால், ஆளும் நாளும் தெரியாமல் பேசினால், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தடுமாற்றத்தை மூட்டிவிடுவது பெரும்பாலும் ஏதோ ஒரு சிறு காரணம்: இரண்டு நாள் மலச்சிக்கல், சிறுநீர் மருந்தால் உடல் வறண்டுபோவது, நோய்த்தொற்று, யாரோ நல்லெண்ணத்தோடு கொடுத்த தூக்க மாத்திரை. முதன்மை மருந்தான லாக்டுலோஸ், 1966-லிருந்து இந்த நோய்க்குப் பயன்படும் ஒரு சர்க்கரை. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அமிலச் சூழலில் அம்மோனியா அம்மோனியமாக மாறி ரத்தத்துக்குள் நுழைய முடியாமல் மலத்தோடு போகிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். குறைந்தால் பலனில்லை, மிகுந்தால் உடல் வறண்டு, தடுமாற்றமே திரும்ப வரும். ரிஃபாக்ஸிமின் என்ற, குடலிலேயே தங்கும் ஆன்டிபயாட்டிக் இதற்குத் துணை. அதை டிப்ஸுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில், தடுமாற்றம் 53 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாகக் குறைந்தது. மருந்துக்கு அடங்காத சிலருக்கு, ஸ்டென்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட் வைத்து வழியைக் குறுக்கலாம். தேவைப்பட்டால் அடைத்தே விடலாம். கல்லீரலே தாங்காதவர்களுக்கு மாற்று அறுவைதான் வழி.

உணவில்தான் நாம் நெடுங்காலம் தவறு செய்தோம். இறைச்சியை மறுத்த நாய்களைப் பார்த்து, பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், பால் வேண்டாம் என்று நோயாளிகளைப் பட்டினி போட்டோம். பிறகுதான் தெரிந்தது: கல்லீரல் கைவிடும்போது அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும் அடுத்த உறுப்பு தசை. புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். தசை கரைந்தால் மூளைக்குப் போகும் அம்மோனியா கூடும். இன்று மருத்துவர்கள் சொல்வது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். பருப்பு, சுண்டல், தயிர், ஒத்துக்கொள்பவர்களுக்கு முட்டை என்று பிரித்துப் பிரித்துச் சாப்பிட வேண்டும். படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி, இரவெல்லாம் தசை கரையாமல் காக்கும். மதுவுக்கு மட்டும் எந்த அளவிலும் இடமில்லை.

ரத்தம் நின்ற மாலையில் மருத்துவர் வெளியே வந்து “பயப்படாதீங்க, நின்னுடுச்சு” என்று சொல்லும்போது, அந்தக் குடும்பம் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். அதே மூச்சில் இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்: இனி பல மாதங்களுக்கு அவரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அவர் தூங்குவதை, பேசுவதை, கழிப்பறைக்குப் போவதைக் குறித்து வையுங்கள். ஏரிக்கு நீர்க்கட்டி ஒருவர் எப்போதும் தேவைப்பட்டார்; கலிங்கு கட்டிய கொத்தனார் போன பிறகும் நீரின் மட்டத்தைப் பார்ப்பவர் அவர்தான். 1877-ல் ஓடிப்போன அந்த நாயின் பின்னால் போக ஒருவர் இருந்திருந்தால், மருத்துவம் பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே பாடம் கற்றிருக்கும்.